மருதாசலம் கொடுத்த இன்ஜின்

நவம்பர் 5, ஞாயிறு

புது ரிமோட் விமானத்தின் இறக்கையில் கடைசிப் பிளாஸ்டிக் படலத்தையும் இஸ்திரிப்பெட்டி வைத்து ஒட்டி முடித்துவிட்டேன். மேலே மஞ்சள், அடியில் கருநீலம். தலைகீழாகப் பறக்கும்போது எது மேல்புறம் என்று தரையிலிருந்து தெரிய வேண்டும். முனைக்கு முனை ஐந்தடி. சாப்பாட்டு மேசை முழுக்க அதற்கே போய்விட்டதால் என் கணவர் சென்னியப்பன் மூன்று வாரமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். இன்று ரசம் வேட்டியில் கொட்டியது.

"ஏம்புள்ள, இதுக்கு மூக்கு எப்ப வரும்?"

"இன்ஜின் முடிவானாத்தானுங்க மூக்கு."

"சீக்கிரம் முடிவு பண்ணு. பொண்ணுக்கு மாப்ள பாக்கறவிய கூட இத்தன யோசிக்க மாட்டாங்க."

மூன்று வழிகள் இருக்கின்றன. பத்து சி.சி. டூ ஸ்ட்ரோக்: எடை குறைவு, அமைப்பு எளிது, ஆனால் கத்தும், செங்குத்தாக ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கும். பதினைந்து சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்: கொஞ்சம் கனம், வால்வு இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும், ஆனால் பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும், வட்டமடிக்கையில் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் மாறாது. மூன்றாவது மின்மோட்டார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, அதிர்வு இல்லை. பாட்டரி ஏழு நிமிடம் தாங்கும். இப்போது எங்கள் மாதிரி விமானக் கிளப்பில் பாதிப்பேர் அதற்கு மாறிவிட்டார்கள். எனக்கு அந்தச் சத்தமின்மை பிடிக்கவில்லை. இன்ஜின் என்றால் அதன் உடம்புக்கு என்ன என்று காது சொல்லிவிடும்.

ஜனவரி 21 கிளப் கூடுகைக்குள் பறக்க வேண்டும். போன பிப்ரவரியில் விழுந்த என் பழைய விமானத்தில் டூ ஸ்ட்ரோக் இருந்தது. விழுந்ததற்கு இன்ஜின் காரணமில்லை.

நவம்பர் 8, புதன்

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், வாசலில் மருதாசலம் அண்ணன். கையில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர் எங்கள் கிளப்பில் கிடையாது. கிளப்பில் அவருக்கு இப்போது இடமும் கிடையாது. பிப்ரவரியில் விழுந்த என் விமானத்தைப் பறக்கும் முன் சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"அம்மிணி புதுசு கட்டறீங்கன்னு கேள்விப்பட்டனுங். இது சும்மா கெடக்குது. போட்டுக்குங்க."

பெட்டியைத் திறந்தால் அவருடைய பதினைந்து சி.சி. எட்டு வருடமாக அவர் விமானத்தில் பார்த்த அதே இன்ஜின். எந்தக் கூடுகையிலும் ஒரு முறைகூட வானத்தில் நின்றுபோகாதது.

"எவ்வளவுங்கண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்."

பைக்கை மிதித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

ஏன் கொடுத்தார்?

நவம்பர் 13, திங்கள்

தீபாவளிக்கு மறுநாள். விடுமுறை. அதிரசத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த இன்ஜினை அக்கக்காகப் பிரித்தேன்.

பேரிங் இரண்டும் புதிது. வால்வு இடைவெளி சரியாக இருக்கிறது. ஃபீலர் தகடு வைத்துப் பார்த்தேன். விரலால் சுற்றினால் அழுத்தம் கெட்டியாக எதிர்க்கிறது. உள்ளே துரு இல்லை. பின் மூடியின் நான்கு திருகுகளும் புதியவை. ஓடாமல் கிடந்த இன்ஜினின் பின் மூடியை எதற்குத் திறந்தார்?

பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம்: "ஊசி ஒண்ணரைத் திருப்பு. முதல் நாலு டேங்க் எண்ணெய் தூக்கலாக. 14க்கு 6 புரொப்பெல்லர்." எழுத்து பெரிது பெரிதாக, குழந்தைகளுக்கு எழுதியதுபோல.

பம்ப் கம்பெனியில் இருபது வருடமாகத் தர ஆய்வாளராக இருக்கிறேன். பழுது தெரியாத பொருளைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி போகும். என் விமானம் விழுந்ததற்காக அண்ணன் ஒரு வருடத் தடையில் இருக்கிறார். டிசம்பரில் கமிட்டி கூடி மறுபடி சேர்ப்பதா என்று முடிவெடுக்கும். அங்கே என் வார்த்தைக்குத்தான் எடை. அதற்காகவா இந்த இன்ஜின்? அல்லது என் விமானம் இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் விழ வேண்டுமா?

சென்னியப்பனிடம் சொன்னேன்.

"அந்த மனுசனுக்கு அவ்வளவு மூளையெல்லாம் கெடையாது புள்ள. உனக்குத்தான் இருக்குது."

நவம்பர் 15, புதன்

இன்ஜின் கூட்டை டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தேன். சிவப்புக் கோடு எங்கும் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போயிற்று. மீண்டும் ஒருமுறை செய்தேன். இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

சர்வோ தேர்வு. இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு மூன்று. ரிமோட் சொன்னபடி பாகங்களை அசைக்கும் குட்டி மோட்டார்கள் இவைதான். பிளாஸ்டிக் பல்சக்கரம் வேண்டாம், எல்லாம் உலோகப் பல் என்று முடிவு செய்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கின் அதிர்வுக்கு ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் வாஷர். வால் பகுதியில் கம்பியை மாட்ட இந்த முறை கவ்வி வேண்டாம், குண்டு மூட்டு. திருகிப் பூட்டிவிட்டால் திருப்புளி இல்லாமல் யாராலும் கழற்ற முடியாது.

"கவ்விதான லேசு, கையிலயே திருப்பிக்கலாம்னு போன தடவ சொன்ன?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"போன தடவ விழுந்துச்சே."

ஒரு வருடம் கழித்துப் படித்தால் எனக்கே மறந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் கிளப்பில் தன் விமானத்தைத் தானே சோதித்துவிட்டுப் பறக்க முடியாது. இன்னொருவர் ஒவ்வொரு திருகாகப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, சக்கரக் காலில் கட்டுவார். அதன்பின் எரிபொருள் ஊற்றலாம், பிளக்கைச் சூடாக்கலாம். வேறு எதையாவது தொட்டால் சீட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பாகம் கழன்று விழுந்தால் தவறு கையெழுத்துப் போட்டவருடையது. ஓட்டியதில் பிசகினால் ஓட்டியவருடையது.

பிப்ரவரியில் மருதாசலம் அண்ணன் 9.40க்குக் கையெழுத்துப் போட்டார். நான் 10.15க்குக் கிளப்பினேன். இரண்டாவது வட்டத்தின் உச்சியில் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்குப் போகும் கம்பியின் கவ்வி கழன்றது. ரிமோட் குச்சியை எவ்வளவு இழுத்தும் மூக்கு நிமிரவில்லை. விமானம் நேராக நிழற்பந்தலுக்குள் பாய்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கிளப் உறுப்பினர் குப்புராஜ் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். கையில் ஒன்பது தையல்.

கவ்வி திறந்துகொள்ளாமல் இருக்க அதன்மேல் சிலிக்கான் குழாயில் வெட்டிய ஒரு வளையத்தைத் தள்ளி வைப்போம். விசாரணையில் அந்த வளையத்தைப் பற்றித்தான் பேச்சு.

"இருந்துச்சுங்க, என்ற கண்ணால பாத்தனுங்" என்றார் மருதாசலம் அண்ணன்.

"அப்ப எங்கீங்க போச்சு?" என்று செயலாளர் பெஞ்சமின் சார் கேட்டார்.

அண்ணன் கவ்வியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பாத்தேன்னுதான் நெனைக்கறனுங்" என்றார்.

9.40க்கும் 10.15க்கும் நடுவில் விமானத்துப் பக்கம் யாரும் வரவில்லை.

நவம்பர் 22, புதன்

கம்பெனியில் ரகளை. நேற்று நான் சோதித்து முத்திரை வைத்த பன்னிரண்டு பம்புகளில் ஒன்றின் நட்டு கூடுதலாக முறுக்கப்பட்டிருந்தது. ஃபிட்டர் சுந்தரேசனைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது, நல்ல வேலைக்காரர்.

"சொட்டுச்சுங் மேடம். ஒரு கால் திருப்பு வெச்சேன், அவ்வளவுதானுங்."

"சீல் வெச்சதுக்கு அப்பறம் எப்படிங்க கை வெப்பீங்க? நாளைக்கு அது நின்னு போச்சுன்னா யாரு பேரு கெடும்?"

"நல்லதுக்குத்தானுங் மேடம்..."

"நல்லதோ கெட்டதோ. என்னக் கூப்பிட்டிருக்கோணுமா இல்லையா?"

மெமோ எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி, படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 26, ஞாயிறு

மொட்டைமாடியில் சோதனைச் சட்டத்தில் இன்ஜினைப் பூட்டி ஓட்டினேன். காகிதத்தில் இருந்தபடி எரிபொருள் ஊசி ஒன்றரைத் திருப்பு. புரொப்பெல்லரை இரண்டாவது முறை சுண்டியதும் பிடித்துக்கொண்டது. நான்கு டேங்க் எண்ணெய் தூக்கலாக ஓட்டிய பிறகு ஊசியை மெல்ல இறுக்கினேன். ஒரு திக்கல் இல்லை. அடிக்குரலில் பாடுவதுபோல ஒரே சுருதி. கீழ்வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர், "என்னம்மிணி, மாவு மில்லு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு நல்லதை ஒருவர் ஏன் கொடுக்க வேண்டும்?

மாலையில் பெஞ்சமின் சார் போன் செய்தார். டிசம்பர் 17 கமிட்டி.

"மருதாசலத்தைப் பத்தி நான் என்னங்க சார் சொல்லோணும்?" என்று நானே கேட்டேன்.

"அவர் விண்ணப்பமே குடுக்கலைங்களே மேடம். ரெண்டு தடவ கேட்டாச்சு. வேண்டாம்னுட்டார்."

அப்படியென்றால் என் வார்த்தைக்காக இல்லை. போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். நாம் போய்க் கெஞ்ச வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரா? அப்படியும் இருக்கலாம். சிலருக்கு அந்த வீம்பு உண்டு.

டிசம்பர் 2, சனி

இன்ஜின் தாங்கிக்கும் முன்பலகைக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. அலுமினிய ஸ்பேசர் நான்கு வேண்டும். வேறு லேத் பட்டறைக்கும் போயிருக்கலாம். மருதாசலம் அண்ணனிடமே போனேன். முகத்தைப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன்.

அவர் இரும்பு வாங்க வெளியே போயிருந்தார். அவர் மனைவி ருக்குமணி அக்கா மட்டும் இருந்தார். அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். பட்டறைச் சுவரில் அலமாரி காலியாக இருந்தது. எப்போதும் ஏழெட்டு இன்ஜின்கள் வரிசையாக இருக்கும் அலமாரி.

"எல்லாம் எங்கீங்கக்கா?"

"குடுத்துட்டாரு. ஒண்ணொண்ணா. உங்களுக்குக் குடுத்ததுதான் கடைசி. அத மட்டும் ரெண்டு மாசம் கையிலயே வெச்சிருந்தாரு. அம்மிணியோட பிளேன் என்னாலதான் போச்சு, நல்லதாத்தான் குடுக்கோணும்னு பேரிங்கெல்லாம் மாத்துனாரு."

காலி அலமாரியையே பார்த்தேன்.

"கண்ணு போச்சுன்னு நெனைக்கறாருங் அம்மிணி. மூணு டாக்டரப் பாத்தாச்சு. மூணு பேரும் ஒண்ணுமில்ல, நல்லாருக்குதுங்கறாங்க. இவரு நம்ப மாட்டீங்கறாரு. இல்லாத வளையத்த இருக்குதுன்னு பாத்த கண்ணு இதுங்கறாரு. இப்ப பாருங்க, எதக் கடைஞ்சாலும் பக்கத்துப் பட்டறைக்காரரக் கூப்புட்டு, சரியா இருக்குதா பாருங்கங்கறாரு. முப்பது வருசத் தொழிலு."

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். ஸ்பேசரை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

அன்று விமானத்துப் பக்கம் யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். வேறு யாரும் வரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

சீட்டுக் கட்டிய பிறகு வேப்பமரத்தடியில் விமானத்தோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எலிவேட்டர் ஒரு மயிரிழை மேலே நிற்பதுபோல் பட்டது. மறுபடி சோதிக்க வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். வளையத்தைப் பின்னால் தள்ளினேன். கவ்வியைத் திறந்து அரைத் திருப்பு கொடுத்தேன். மாட்டினேன். பெஞ்சமின் சார் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து ஓடினேன்.

விழுந்த பிறகு எல்லோரும் குப்புராஜைச் சூழ்ந்து நின்றபோது, துண்டுகளைச் சாக்கில் பொறுக்கியது நான். வளையம் கம்பியிலேயே இருந்தது. கவ்விக்கு இரண்டு விரற்கடை பின்னால். விசாரணைக்குக் கவ்வியை மட்டும் கொடுத்தேன். இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொல்லையில் எரித்தேன்.

அவர் பார்த்தது சரி.

டிசம்பர் 7, வியாழன்

மூன்று முறை கணபதி வரை ஸ்கூட்டரில் போய், டீக்கடையோடு நின்று, திரும்பினேன். சுந்தரேசனின் மெமோவைத் திரும்பப் பெற முடியுமா என்று ஆபீசில் கேட்டேன். முடியாதாம். கோப்பில் போய்விட்டதாம்.

டிசம்பர் 10, ஞாயிறு

சென்னியப்பனிடம் சொன்னேன். காலைப் பலகாரத்தின்போது. தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரத்தடில நீ குனிஞ்சு உக்காந்து என்னமோ பண்ணறத பந்தல்ல இருந்து நான் பாத்தேன் புள்ள."

"பாத்தீங்களா? பின்ன ஏனுங்க கேக்கல?"

"நீயா சொல்லுவீனு இருந்தேன்." அப்புறம், "சட்டினி வெய்யி" என்றார்.

பத்து மாதம். இவரும். யார் என்ன மறைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

டிசம்பர் 16, சனி

நாளை கமிட்டி. அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லி, அது அவர் காதுக்கு வேறு யார் வாயாலோ போகக் கூடாது. வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். டீக்கடையில் நிற்கவில்லை.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"ஸ்பேசர் ரெடிங் அம்மிணி. ஒருக்கா நீங்களும் அளந்து பாத்துக்குங்க. என்ற அளவ நம்பாதீங்க."

"அண்ணா, வளையம் இருந்துச்சுங்க."

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். மரத்தடி, வரிசை, எல்லாம். நின்றுகொண்டேதான் சொன்னேன். ருக்குமணி அக்கா உள்ளிருந்து வந்து கதவருகே நின்றார்.

நான் முடித்ததும் மருதாசலம் அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"எத்தன திருப்பு?"

"அரைங்கண்ணா."

"வளையத்த?"

"பின்னால தள்ளி வெச்சேன். மறுபடி முன்னால தள்ளல."

"அப்ப நான் பாக்கையில இருந்துச்சு."

"இருந்துச்சுங்க."

"கவ்வி மேலயே இருந்துச்சு."

"ஆமாங்கண்ணா."

கையிலிருந்த கந்தைத் துணியால் விரல் விரலாகத் துடைத்தார். ருக்குமணி அக்காதான் பேசினார்.

"உங்க வாயி எங்கீங் போச்சு இத்தன நாளு? நான் மூணு ஆஸ்பத்திரில இந்த மனுசனக் கூட்டீட்டு உக்காந்திருந்தனே! தண்ணி குடுத்தனே உங்களுக்கு, அன்னிக்காவது சொல்லோணும்னு தோணல?"

"தோணுச்சுங்கக்கா. பயமா இருந்துச்சு."

"எங்களுக்கு மட்டும் இனிச்சுதா?"

"போதும், விடு" என்றார் அவர். என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். கோபமாகவும் இல்லை, சாந்தமாகவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் லேத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

ஸ்பேசரை மறந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

கமிட்டியில் சொன்னேன். நாற்காலிகள் கிரீச்சிட்டன. குப்புராஜ் தன் முன்கையைத் தடவிக்கொண்டார். நான் பார்த்ததும் கையை மேசைக்கு அடியில் இறக்கினார். எனக்கு இரண்டு வருடம் பறக்கத் தடை. கையெழுத்துப் போட நிரந்தரத் தடை. மருதாசலம் அண்ணனின் தடை இன்றோடு நீக்கம். விண்ணப்பம் தேவையில்லை.

"ஏங்க மேடம், சொல்லாமயே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்று வெளியே வந்தபின் பெஞ்சமின் சார் கேட்டார். அவர் என்னை நல்லவளாக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

அலைபேசியில் மருதாசலம் அண்ணனிடமிருந்து செய்தி. வணக்கம் எதுவும் இல்லை.

"இன்ஜின் வேணும். ஜனவரி 21ம் தேதிக்குப் பறக்கோணும்."

நான்கு முறை படித்தேன்.

டிசம்பர் 20, புதன்

அரை நாள் விடுப்பு. சோதனைச் சட்டத்திலிருந்து இன்ஜினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அதே அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

உட்காரச் சொல்லவில்லை. பெட்டியை வாங்கி, இன்ஜினை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்துப் பட்டறைக்காரர் ஏதோ வேலையாக உள்ளே வந்தவர், "என்னங்க, நான் பாக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்" என்றார் இவர்.

மெல்லத் திருப்பினார். ஒருபக்கம், மறுபக்கம். சாய்த்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். புரொப்பெல்லர் நட்டின் கீழ் விரலை வைத்தார்.

"இது என்ற வாஷர் இல்ல."

"இல்லீங்களேண்ணா, நான் எதையும் மாத்தல."

"என்ற வாஷர் ஓரம் சாய்ச்சு கடைஞ்சது. நானே கடைஞ்சது. இது தட்டை."

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நட்டைக் கழற்றி வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். என் பழைய டூ ஸ்ட்ரோக்கினுடையது. மாடியில் ஓட்டியபோது மாறியிருக்க வேண்டும்.

"எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, மாடியில் சட்டத்துக்கு அடியில் இருந்த உதிரிபாகத் தட்டைக் கவிழ்த்துத் தேடினேன். இருந்தது. ஓரம் சாய்ந்துதான் இருக்கிறது, நகம் வைத்துத் தடவினால் மட்டும் தெரிகிற அளவுக்கு. காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொடுக்க வேண்டும்.